இரண்டாம் சரணத்தில் ஷெர்லின் பாடியது

1

இது கதையாக வந்திருக்கவே கூடாது. ஒரு மாத இதழிலிருந்து எண்ணூறு சொல்லில் கட்டுரை கேட்டார்கள். காதை முழுதாக மூடும் ஹெட்போனை எப்படித் தேர்ந்தெடுப்பது; பாட்டுக் கேட்க ஒன்று, மிக்சிங் செய்ய ஒன்று, அன்றாடத்துக்கு ஒன்று என்று மூன்று வேண்டுமா, இல்லை ஒன்றே மூன்றுக்கும் போதுமா. ஏன் என்னைக் கேட்டார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம். உட்கார்ந்து இப்படித் தொடங்கினேன்:

நல்ல ஹெட்போன் என்பது உள்ளதை உள்ளபடி

[இங்கேயே நின்றுவிட்டது. உள்ளதை உள்ளபடி சொல்லும் எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை.]

உதாரணம் ஒன்று இருந்தால் கை ஓடும் என்று நினைத்து, ‘தென்காசியில் பென்னி என்று ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்’ என எழுதினேன். வைத்துக்கொண்டதுதான் தப்பு. அடுத்த வரியில் அவனுடைய மனைவி மாடிப்படி ஏறி வந்து, “இன்னைக்காவது எம் பாட்டு முடியுமா, இல்ல இன்னைக்கும் ஹெட்போன்தானா?” என்று கேட்டாள். அவளை நான் கூப்பிடவே இல்லை. கட்டுரை அதோடு சரி.

2

அவள் பெயர் ஷெர்லின். வயது நாற்பத்தொன்று. தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. சபையின் பாடகர் குழுவில் பத்தொன்பது வருடமாக இரண்டாம் வரிசையில் நிற்கிறாள். முன்வரிசைக்காரிகளின் மேல்குரலுக்கு அடியில் நின்று தாங்குகிற குரல் அவளுடையது. அவள் வராத வாரத்தில் மட்டும், “இன்னைக்குப் பாட்டுல என்னமோ கொறயுதே” என்பார்கள்.

பென்னிக்கு வீட்டுக்குக் கீழேயே ஜெராக்ஸ் கடை. மாலையில் கடையைச் சாத்திவிட்டு மாடி அறையில் உட்கார்ந்து சபைப் பாடல்களுக்கு மிக்சிங் செய்வான். பாட்டையும் வாத்தியங்களையும் தனித்தனியாகப் பதிந்து, எது முன்னால் கேட்கவேண்டும், எது பின்னால் ஒதுங்கவேண்டும் என்று அளவு வைக்கிற வேலை.

இந்த வருடம் சபைக்கு நூற்றைம்பது வயது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அசனம். சபையார் அத்தனை பேரும் பந்தியில் உட்கார்ந்து கறிக்குழம்பும் சோறும் சாப்பிடும்போது ஒலிபெருக்கியில் புதுப்பாட்டு ஒன்று போட வேண்டும். அதை ஷெர்லின் தனியாகப் பாடட்டும் என்று முடிவாயிற்று. (எப்படி முடிவாயிற்று என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். முழுக்கக் கமிட்டி அரசியல். கிழித்துவிட்டேன்.)

பாடினாள். பென்னி மிக்சிங் செய்து, பாடகர் குழுத் தலைவர் அய்யாத்துரைக்கு அனுப்பினான். அன்று மாலையே அவர் போன் செய்தார். பென்னி ஸ்பீக்கரில் போட்டான். துணி மடித்துக்கொண்டிருந்த ஷெர்லினுக்கும் கேட்டது.

“லே பென்னி, ட்யூன் நல்லா வந்திருக்கு. கீபோர்டு அம்சமா இருக்கு. தங்கச்சி குரல்தான் ஏறல. பெலனில்லாம கெடக்கு. பேசாம சுரண்டை முத்துசெல்விய வச்சுப் பாட வச்சிருவமா? நீ ஒண்ணும் நெனச்சுக்காத.”

“அதுக்கில்ல அண்ணாச்சி. அவ குரல்ல ஒரு கொறயும் இல்ல. எங்கிட்ட இருக்க ஹெட்போன் சரியில்ல. அதுல கேட்டு வச்ச அளவு வெளிய தப்பாக் கேக்கு.”

“என்னமோ போ. அடுத்த வெள்ளிக்கிழம அஞ்சு மணி. அதுக்குள்ள வந்தா தங்கச்சி பாட்டு, இல்லன்னா முத்துசெல்வி.”

அவ்வளவுதான் பணயம். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு கிடைத்த ஒரு பாட்டு. அது வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு அவளிடம் இருக்குமா, இருக்காதா.

‘அவ குரல்ல ஒரு கொறயும் இல்ல’ என்று அவன் சொன்னபோது ஷெர்லினுக்கு ஒரு நிமிடம் நெஞ்சு குளிர்ந்தது உண்மை. அடுத்த நிமிடமே அவன் லேப்டாப்பைத் திறந்து பதினெட்டு ஹெட்போன்களின் படங்களை வரிசையாக நிறுத்தினான்.

“என்னங்க, குரல ஏத்தி வைங்கன்னா ஹெட்போன ஏத்தி வைக்கிய?”

“செத்த இரிட்டி. கருவி சரியா இருந்தாத்தான கணக்கு சரியா வரும்?”

மூன்றாவது நாளும் அதே பதில் வந்தபோது மடித்த துணியை அப்படியே தரையில் போட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

3

இந்த இடத்தில் கட்டுரையின் மிச்சத்தைச் செருகிவிடலாம் என்று நினைத்தேன். இதழ்க்காரர்கள் கேட்டது இதைத்தானே.

தென்காசியில் இந்த மாதிரிச் சாமான்களைத் தலையில் மாட்டிப் பார்த்து வாங்க வழியில்லை. கண்ணாடிக்குப் பின்னால் பெட்டியைக் காட்டுவார்கள். பிரித்தால் வாங்கியாக வேண்டும். ஷெர்லினின் தம்பி ஜெஸ்வின் பெங்களூரில் வேலை பார்க்கிறவன். சீசனுக்குக் குற்றாலத்தில் அறை எடுத்திருந்தான். மூன்று ஹெட்போன் வைத்திருந்தான். சனிக்கிழமை பென்னியும் ஷெர்லினும் அங்கே போனார்கள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. எல்லோரும் துண்டோடு அருவிக்குப் போய்க்கொண்டிருக்க, இவர்கள் லேப்டாப் பையோடு மாடியேறினார்கள்.

முதல் ஹெட்போன் வயர் இல்லாதது. மாட்டியதும் வெளிச்சத்தத்தை அடக்கிவிடும். அருவியே காணாமல் போயிற்று. பஸ்ஸுக்கும் அலுவலகத்துக்கும் அதைப்போல வராது. ஆனால் எல்லாக் குரலுக்கும் பவுடர் பூசி அனுப்பும். சத்தமும் ஒரு கணம் பிந்தித்தான் வரும். மிக்சிங்குக்கு ஆகாது.

இரண்டாவது வயர் வைத்தது, பின்பக்கம் மூடியது. பவுடர் கிடையாது. தொண்டையில் சளி இருந்தால் சளியையும் சொல்லிவிடும். இரண்டு மணி நேரத்தில் காது வேர்த்து, மண்டையைப் பிடிக்கும்.

மூன்றாவது பின்பக்கம் திறந்தது, சல்லடை மாதிரி. பாட்டு ஒரு மண்டபத்தில் நடப்பது போல விரியும். ஆனால் நீங்கள் கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும், பக்கத்தில் நடப்பதெல்லாம் உங்களுக்கும் கேட்கும்.

“அத்தான், இதுக்கு ஆம்ப்ளிஃபயர் தனியா வேணும்,” என்றான் ஜெஸ்வின். “போன்ல சொருகினா சவம் முனகத்தான் செய்யும்.”

“அருவிச் சத்தம் உள்ள வருதுல்லாலே.”

“குத்தாலத்துல வச்சுக் கேட்டா அருவி வராம அணுகுண்டா வரும்?”

பென்னி மூன்றையும் மாற்றி மாற்றி மாட்டினான். ஒரே பாட்டு. கண்ணை மூடிக்கொள்வான், தலையசைப்பான், கழற்றுவான், அடுத்ததை மாட்டுவான். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஷெர்லினுக்கு, அவன் தலை அசைவதை வைத்தே பாட்டு எந்த வரியில் போகிறது என்று சொல்ல முடிந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்துக் கேட்டாள்.

“மூணுல எதுலதான் எங் குரல் நல்லாக் கேக்கு?”

“அதாம்ட்டி எனக்கும் புரியல. மூணுலயும் தெளிவாக் கேக்கு. ஒரு வார்த்த விடாமக் கேக்கு. இந்த அண்ணாச்சிக்கு மட்டும் ஏன் கேக்கலன்னுதான் தெரியல.”

அவள் இரண்டாவது ஹெட்போனையும் தன் போனையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். பழம் வாங்கிவருகிறேன் என்றாள். அவன் காதில் மூன்றாவது ஹெட்போன் இருந்தது. தலையசைத்தான்.

ரோட்டோரம் மங்குஸ்தான் விற்றுக்கொண்டிருந்தவள் பெயர் மூக்கம்மாள். ஷெர்லினைவிடப் பத்து வயதாவது சின்னவள். அருவியில் தண்ணீர் கூடிவிட்டதால் போலீஸ்காரர்கள் விசில் ஊதிக் குளிப்பவர்களை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். ஈரத்தோடு கூட்டம் கடந்துபோனது. யாரும் பழத்தைப் பார்க்கவில்லை.

“ஒரு நிமிசம் இத மாட்டிக் கேளுங்க. என்ன பாடுதாங்கன்னு சொன்னா ரெண்டு கிலோ வாங்கிக்கிடுதேன்.”

“யக்கா, காதுக்குக் கூடையக் கவுத்துன மாதிரில்லா இருக்கு.”

முழுப்பாட்டையும் கேட்டாள். நடுவில் ஒருவர் விலை கேட்டதற்குக் கைவிரலில் பதில் சொன்னாள். பிறகு கழற்றினாள்.

“பெட்டி நல்லா வாசிக்கான்க்கா.”

“பாட்டு?”

“பாட்டு… பொம்பள ஒருத்தி அடுத்த வீட்டுல இருந்து என்னமோ சொல்லுதா. யாருகிட்ட சொல்லுதா, என்ன சொல்லுதான்னுதான் வெளங்கல. யாருக்கா அது? ஒங்க சொந்தமா?”

ஷெர்லின் இரண்டு கிலோ வாங்கினாள்.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. பாட்டு எழுதியபோது பென்னி கூட இருந்தான். ராகம் போட்டபோது இருந்தான். சமையலறையில் அவள் நூறு தடவை முணுமுணுத்ததைக் கேட்டிருக்கிறான். அடுத்து என்ன வார்த்தை வரும் என்று தெரிந்தவனுக்கு, வார்த்தை வராவிட்டாலும் கேட்கும். குரலை எவ்வளவு தாழ்த்தி வைத்தாலும் மிச்சத்தை அவன் மூளையே பாடிக்கொள்ளும். எந்த ஹெட்போன் வந்தாலும் இதற்கு மருந்து கிடையாது.

அறைக்குப் போய், மூக்கம்மாள் சொன்னதைச் சொன்னாள். பென்னி யோசித்தான்.

“அப்ப குரல மூணு டெசிபல் ஏத்தணும்.”

“அவ்வளவுதானா?”

“நாலு வேணும்ங்கியா?”

4

இங்கே நான் இரண்டு நாள் எழுதவில்லை.

முதல் படியை எடுத்துத் திரும்பப் படித்தேன். அதில் பென்னி மூன்று ஹெட்போன்களைப் பற்றி நான்கு பக்கம் பேசுகிறான். ஷெர்லின் ஆறு இடத்தில் பேசுகிறாள், ஆறும் கேள்வி. கேள்வி கேட்டு அவனைப் பேச வைப்பதற்காகவே அவளை மாடிப்படி ஏற்றி இறக்கியிருக்கிறேன். எரிச்சல்படும் மனைவி எப்படி எரிச்சல்படுவாள் என்று எனக்குத் தெரியும் என்ற நினைப்பு. தெரிந்ததனால் அவளைக் கேட்கவே இல்லை.

[இதற்கு மேல் இதை விளக்கினால் எனக்கே பிடிக்காது.]

பென்னியின் பேச்சில் மூன்று பக்கத்தை வெட்டினேன். அது மட்டும் போதவில்லை. வெட்டிய இடம் காலியாகத்தான் இருந்தது. அவள் குரல் ஏறவில்லை. சரி, நான் ஒன்றும் சொல்லித்தரவில்லை, திங்கட்கிழமை நீ என்ன செய்வாயோ செய் என்று விட்டுவிட்டேன்.

5

திங்கட்கிழமை மாலை பென்னி சொன்னான்: இரண்டாம் சரணத்தில் மூச்சு வாங்குகிறது, அதை மட்டும் இன்னொரு தடவை பாடிவிடு. இரண்டாம் சரணம் இது:

வனாந்தர வழியிலே நடத்தினவரே
வாடிய வேளையில் தேற்றினவரே
கூப்பிட்ட குரலுக்குச் செவிகொடுத்தவரே
குறைவெல்லாம் நிறைவாக மாற்றினவரே

அவள் மைக்குக்கு முன்னால் நின்றாள். அவன் லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்து, ஜெஸ்வினிடம் கடன் வாங்கிய இரண்டாவது ஹெட்போனை மாட்டிக்கொண்டான். திரையில் அவள் குரல் கோடுகோடாக எழும்பி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் வேறு வார்த்தைகளைப் பாடினாள்.

(முதலில் நான் எழுதியது: ‘அரைக்கிலோ சீனியும் அரிசி மாவும்’ என்று தொடங்கும் ஒரு மளிகைப் பட்டியல். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நாள் படித்தபோது வரவில்லை. பத்தொன்பது வருடம் காத்திருந்து கிடைத்த நான்கு வரியை அவள் சீனிக்கும் மாவுக்கும் செலவழிக்க மாட்டாள்.)

அவள் பாடியது:

பதினாறு வருடமாய்ப் பக்கமிருப்பவரே
பாதிச்சொல் கேட்டே பதில்சொல்பவரே
காதிரண்டும் மூடி வீற்றிருப்பவரே
கேட்டது போலத் தலையசைப்பவரே

நம் பக்திப் பாடல்களில் இந்த ‘வரே’ ஒரு பெரிய வசதி. மேலே இருப்பவரையும் கூப்பிடலாம், நாற்காலியில் இருப்பவரையும் கூப்பிடலாம். மரியாதைக்கு மரியாதை. ராகத்திலும் இடறாது.

பாடி முடித்துவிட்டு நின்றாள். பென்னி தலையசைத்தான். ஹெட்போனின் ஒரு பக்கத்தை மட்டும் விலக்கினான்.

“மூணாவது வரி கொஞ்சம் எறங்குது. அத மட்டும் இன்னொரு தடவ.”

“மூணாவது வரியா?”

“ஆமாட்டி. ‘ரே’ நீட்டும்போது.”

காதிரண்டும் மூடி வீற்றிருப்பவரே என்று, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, இன்னொரு தடவை பாடினாள். இந்த முறை இறங்கவில்லை.

“இப்ப சரி,” என்றான்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அந்தச் சரணத்தோடு அவன் உட்கார்ந்திருந்தான். குரலை மூன்று டெசிபல் ஏற்றினான். கீபோர்டைக் குறைத்தான். எதிரொலியைத் துடைத்தான். அவள் காபி கொண்டுபோகும்போதெல்லாம் அறையில் சத்தமே இல்லை. அவன் தலைக்குள் மட்டும் அவள் பாடிக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. புதன்கிழமை சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வகுத்தல் கணக்குப் போடும்போது கரும்பலகையில் எழுதிய எண்ணையே மறந்து நின்றாள்.

வியாழக்கிழமை அவன் பின்பக்கம் திரும்பி, உண்மையான சந்தோஷத்தோடு சொன்னான்:

“ஷெர்லி, இந்த ஹெட்போன்தான். முடிவு பண்ணிட்டேன். ஒவ்வொரு எழுத்தும் கேக்கு. ரெண்டாஞ் சரணத்துல ‘தேற்றினவரே’ன்னு பாடுத பாரு, அந்த ‘ற்றி’ எப்படி வந்து விழுது! பழைய ஹெட்போன்ல இது கேக்கவே கேக்காது.”

பதிவில் அப்படி ஒரு சொல்லே இல்லை.

“நல்லா விழுதா?”

“சுத்தமா.”

“காபிய ஆற விடாதிய,” என்று சொல்லிவிட்டுக் கீழே வந்தாள்.

6

அந்தப் பாட்டு அப்படியே ஞாயிற்றுக்கிழமை அசனப் பந்தலில் ஒலித்தால் என்ன ஆகும் என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

அ. யாரும் கவனிக்கவில்லை. குழம்பு வாளி போகிறது, சோறு வருகிறது, இலைக்கு இலை பேச்சு. பாட்டு முடிகிறது. நானூறு பேரில் ஒரு தலைகூட நிமிரவில்லை. ஷெர்லின் தன் இலையை மூடுகிறாள்.

[இது ரொம்பச் சோகம். சோகத்தை எழுதுவது சுலபம் என்பதால் சந்தேகப்பட்டேன்.]

ஆ. எல்லோரும் கவனித்துவிடுகிறார்கள். அய்யாத்துரை சோற்றுக் கையோடு எழுந்து ஒலிபெருக்கிக்காரனைப் பார்த்துக் கத்துகிறார். “நிறுத்துலே! சாமி பாட்டுன்னு பாத்தா சம்சாரப் பாட்டால்லா இருக்கு!” பந்தலே சிரிக்கிறது. பென்னி

[பென்னி என்ன செய்வான் என்று தெரியாததால் நிறுத்திவிட்டேன்.]

இ. கவனிக்கிறார்கள், ஆனால் கடவுளைப் பார்த்துப் பாடியதாக நினைத்துக்கொள்கிறார்கள். அய்யாத்துரை கண் கலங்கி வந்து நிற்கிறார். “தங்கச்சி, பக்கத்துல இருந்தும் கேக்காம இருக்கீரேன்னு ஆண்டவர்கிட்ட இப்படிச் சண்ட போடதுக்கு ஒரு விசுவாசம் வேணும்.” அவளுக்கு மறுத்துச் சொல்லவும் முடியாது, ஆமென் சொல்லவும் முடியாது.

மூன்றாவது எனக்குப் பிடித்திருந்தது. நிறைவாகவும் இருந்தது. அதுதான் கோளாறு. நானூறு பேரும் கேட்டு என்ன? அவள் அதை நானூறு பேருக்காகப் பாடவில்லை. மூன்றிலும் பாட்டு அவன் கையைவிட்டு வெளியே போய்விடுகிறது. அவளுக்கு வேண்டியது அதற்கு முன்னால் நடக்க வேண்டும்.

மூன்றையும் அடிக்கிறேன்.

7

வெள்ளிக்கிழமை மாலை நாலு நாற்பது. பென்னி கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டு மாடியில் இருந்தான். பாட்டு தயார். அய்யாத்துரையின் எண்ணும் எடுத்து வைத்தாயிற்று.

“ஷெர்லி, இங்கன வா. அனுப்பதுக்கு முன்னால நீ ஒரு தடவ கேட்டுரு.”

அவனே ஹெட்போனை அவள் தலையில் வைத்தான். காதை மறைத்த முடியை ஒதுக்கி, இரண்டு பக்கமும் சரியாக உட்காருகிறதா என்று பார்த்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

முதல் சரணத்திலேயே அவளுக்குத் திக்கென்றது. கீபோர்டு எங்கோ பின்னால் போய்விட்டது. நடுவில், முன்னால், நெற்றிக்கு எதிரே அவள் நின்றுகொண்டிருந்தாள். இரண்டாம் வரிசையில் பத்தொன்பது வருடம் நின்றவளுக்குத் தன் குரலை இவ்வளவு பக்கத்தில் தெரியாது. அது பெலனில்லாத குரல் இல்லை. இதை அவன்தான் செய்திருக்கிறான். ஒன்பது நாள் முதுகு வளைத்து, எண் எண்ணாகச் சரிபார்த்து, அவள் குரலைத் தூக்கி முன்னால் நிறுத்தியிருக்கிறான். ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் இதைச் செய்திருக்கிறான். அவளுக்குக் கோபமும் வந்தது, அவன் தலையைத் தடவ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

இரண்டாம் சரணம். நான்கு வரி. ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாகக் கேட்டது. பந்தலின் கடைசி இலையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கும்.

கழற்றினாள்.

“சரியா இருக்கா?” என்றான். முகத்தில் பரீட்சை எழுதியவனின் ஆவல்.

பழைய சரணம் லேப்டாப்பிலேயே இருக்கிறது. எடுத்து மாற்றி வைக்க ஐந்து நிமிடம் போதும். அதற்கு அவள் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொல்லித் தெரிவதென்றால் பாடியிருக்கவே வேண்டாம்.

‘அனுப்புங்க’ என்று சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குத் தெரியும், அல்லது தெரியாமல் போகும். எப்படியும் பாட்டு அவளுடையதாக இருக்கும்.

‘நீங்க ஒரு தடவ கேளுங்க’ என்று சொல்லலாம். வேலை முடிந்துவிட்டது, அளவு பார்க்க ஒன்றும் பாக்கியில்லை. சும்மா உட்கார்ந்து கேட்கலாம். இந்தத் தடவையும் அவன் தலையசைத்து, “தேற்றினவரே அருமை” என்றால், அவள் அதைத் தெரிந்துகொண்டுதான் இனிக் காபி போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பந்தலைவிட அவளுக்கு அதுதான் பயம்.

நாலு ஐம்பத்திரண்டு. ஹெட்போன் அவள் கையில் இருக்கிறது. பென்னி கையை நீட்டுகிறான், அதை வாங்கவா, அவள் தோளைத் தொடவா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு சொல்லில் ஒன்றை அவள் வாயில் வைக்கச் சொல்லி நான்கு நாளாக என்னை நானே நெருக்கிக்கொண்டிருக்கிறேன். வைக்கமாட்டேன்.

அவள் மூச்சை இழுக்கிறாள். என்னால் முடிந்தது, கீபோர்டு, மழை, கடைத்தெரு எல்லாவற்றையும் இந்தப் பக்கத்திலிருந்து குறைத்துவைப்பது மட்டும்தான். இவள் என்ன சொல்லப்போகிறாள் என்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். தயவுசெய்து அதைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, பேசாமல் இருங்கள். அவள் பேச ஆரம்பிக்கிறாள்.